நாலு பேர் உரிக்கும் வெங்காயம்

கே: பழைய ஆன்லைன் ஆர்பிஜி கேம்களை ‘மெதுவாகப் போனாலும் அதுதான் கேம்’ என்று அண்ணன்மார் கொண்டாடுகிறார்களே. மெதுவாகப் போவதில் என்ன பெருமை?
(கல்லூரி மாணவர், குன்னம்)

ப: மெதுவில் ஒரு பெருமையும் இல்லை தம்பி. நம் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை ஒரு கிலோ வாங்கித் தனியாக உட்கார்ந்து உரித்துப் பாருங்கள், கண்ணீர்தான் மிஞ்சும். அதையே கல்யாண வீட்டுக் கொல்லையில் முறத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உரித்தால், ஊர்க்கதை முடிவதற்குள் வெங்காயம் முடிந்துவிடும். 1999 மார்ச்சில் வந்த ‘எவர்குவெஸ்ட்’ அந்தக் கொல்லைதான். ஒரு சண்டை முடிந்தால் தீர்ந்த மந்திரசக்தி ஊறும்வரை தரையில் உட்கார வேண்டும். ஆரம்ப நாட்களில், 35-ஆம் லெவல் வரை, அப்படி உட்கார்ந்தவரின் மந்திரப் புத்தகம் திரையையே மறைத்துக்கொள்ளும். எதிரே பூதம் வந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரியும். காத்திருந்த அந்த நேரத்தில்தான் பேச்சு வளர்ந்தது, சிநேகம் வளர்ந்தது. பிறகு வந்த பல கேம்கள் மெதுவை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளை விட்டுவிட்டன. அவற்றைத்தான் ‘கிரைண்ட்’ என்று திட்டுகிறோம், நியாயமாகவே.

கே: செத்தால் லெவல் இறங்குவது கொடுமை இல்லையா?
(ஜெயங்கொண்டம் வாசகி)

ப: இந்த வலி அரியலூர் மாவட்டத்துக்காரரான உங்களுக்குத் தெரியாததா! 2001-இல் தனி மாவட்டமாக லெவல் ஏறினீர்கள், 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து இறக்கிவிட்டார்கள், 2007 நவம்பர் 23-ஆம் தேதி திரும்ப ஏறினீர்கள்.

எவர்குவெஸ்டில் செத்தால் எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி, போகும். சாமான் அத்தனையும் பிணத்தோடு கிடக்கும், வெறுங்கையோடு ஓடிப்போய் மீட்க வேண்டும். கொடுமைதான். ஆனால் செத்தவரை எழுப்பும் மந்திரம் தெரிந்த ஒரு ‘கிளெரிக்’ வந்து எழுப்பிவிட்டால் போன எக்ஸ்பியில் பெரும்பகுதி திரும்பிவிடும். அந்த கிளெரிக் எதற்காக உங்களுக்காக அத்தனை தூரம் வர வேண்டும்? நேற்று நீங்கள் அவருக்கு உதவியிருப்பீர்கள், அதற்காகத்தான். தூக்குவதற்கு நாலு பேரைச் சம்பாதிக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், அந்த ஊரில் எழுப்புவதற்கே நாலு பேர் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக அந்தக் கொடுமையை மன்னிக்கிறேன்.

கே: சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்குக் கிடைப்பது தினம் 40 நிமிடம். ‘கேஷுவல்’ என்று மட்டம் தட்டுகிறார்கள்.
(அரியலூர் வாசகர்)

ப: தட்டுகிறவர்கள் தட்டட்டும். நேரம் நிறைய இருப்பது ஒரு வசதி, அது திறமையாகிவிடாது. உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து ஒரு கதவு திறந்தது 2004 நவம்பர் 23-ஆம் தேதி, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வந்த அன்று. வேலை தருகிறவர் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கும், தேடி அலைய வேண்டாம். தனியாகவே கடைசி லெவல்வரை போகலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. சோதனைக் காலத்தில், அதிக நேரம் ஆடினால் எக்ஸ்பி குறையும்படி வைத்திருந்தார்கள், ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். அதையே திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்து வருகிறவருக்கு இரட்டிப்பு எக்ஸ்பி என்றார்கள். சண்டை ஓய்ந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வருகிற மனிதருக்கு இதைவிட நல்ல வரவேற்பு ஏது!

ஆனால் அதே கேமில் 2009 டிசம்பரில், ஒரு பட்டனை அழுத்தினால் வேறு வேறு சர்வரிலிருந்து ஐந்து பேரைத் தானே சேர்த்துவிடும் ஏற்பாடு வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் குகைச் சண்டையை முடித்துவிட்டு அவரவர் வழியில் போய்விடலாம். நேரத்தை மிச்சம் பிடித்தார்கள் சரி, வெட்டியது பக்கத்து ஆளை. அங்கேதான் எனக்கு வருத்தம்.

கே: மொபைல் கேம்கள் ‘கேஷுவல்’ என்கிறார்கள், ஆனால் எட்டு மணி நேரம் காத்திரு என்கின்றனவே?
(வேப்பந்தட்டை வாசகர்)

ப: காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடு என்றும் சொல்லுமே! பழைய கேம் காக்க வைத்தபோது பக்கத்தில் ஆள் இருந்தார். இது காக்க வைக்கும்போது பக்கத்தில் கல்லாப்பெட்டி இருக்கிறது. தயவுசெய்து அந்த கேமை அழித்துவிடுங்கள்.

கே: தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் போச்சு என்கிற கேம்?
(பெரம்பலூர் வாசகி)

ப: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் தரிசனம் தருகிறாள். கூட்டம் குறைந்திருக்கிறதா? நாள் குறித்துக்கொண்டு, ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். வாரம் ஒரு முறை கில்டு என்கிற கூட்டாளிக் குழு கூடி ஆடும் ரெய்டு என்கிற பெரிய சண்டை அந்த வகை. தினமும் வா என்று மிரட்டுவதை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள்.

கே: ஒரு முறை செத்தால் கேரக்டரே போய்விடும் ‘ஹார்ட்கோர்’ சர்வரில் சேரலாமா?
(செந்துறை மாணவர்)

ப: 2023 ஆகஸ்டில் ‘வார்கிராஃப்ட் கிளாசிக்’ அப்படியொரு சர்வரை அதிகாரபூர்வமாகவே திறந்தது. சேருங்கள், ஒவ்வொரு அடியும் உயிருள்ளதாக இருக்கும். 2025 மார்ச்சில் சர்வர் மீது நடந்த இணையத் தாக்குதலில் செத்தவர்களை நிறுவனமே எழுப்பிக் கொடுத்தது. செந்துறையில் கரண்ட் போய்ச் செத்தால் எழுப்புவார்களா என்று நம்பியிருக்காதீர்கள், முதலில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

2012-இல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் நம் மாவட்டங்கள் கிடந்தபோது, பிரவுசிங் சென்டரில் ஆடிக்கொண்டிருந்தவன் நான். பொட்டென்று என் திரை அணைந்தது. கேரக்டர் இன்னும் சில விநாடி அங்கேயே நிற்கும், சுற்றிலும் ஓநாய்கள். பக்கத்து சிஸ்டத்துக்கு மட்டும் யுபிஎஸ் உயிர் இருந்தது. அதில் ஆடிக்கொண்டிருந்த பையன், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் கேரக்டரை ஓநாய்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, அத்தனை கடியையும் தான் வாங்கிக்கொண்டு, “நீ மறைஞ்சிட்டண்ணா, தப்பிச்சிட்ட” என்றான். அவன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கேரக்டரின் பெயர் தெரியும்.