1 கிலோ 62 கிராம்

பூக்கடைத் தராசில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1 கிலோ 62 கிராம்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் உதிரி மல்லி நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு அது. பூக்கார அம்மா என் தோள்பையிலிருந்து எடுத்து வைத்ததையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் இது, பலகை மாதிரி? இத்தப் போயி நிறுக்கச் சொல்றீங்களே, விக்கப் போறீங்களா?" இல்லம்மா, இப்போதான் வாங்கினேன் என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது அனுதாபம்.

கணக்கு இதுதான். டேப்லெட் 332 கிராம். விழுந்தால் உடையாமலிருக்க உறை, 180. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன கதி என்று பவர் பேங்க், 360. சார்ஜரும் ஒயரும் 90. பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள். ரப்பர் முனை வைத்த பேனா 15. கடைசியாக, கூட்டோடு என் மூக்குக் கண்ணாடி, 85. இந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது.

'சின்னதா, லேசா, எங்க போனாலும் கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு' என்று மூன்று மாதம் அலைந்தவன் நான். போன்தான் இருக்கே என்றான் மகன். என் கண்ணுக்கு அது தீப்பெட்டி. லேப்டாப் இருக்கே என்றாள் மருமகள். அதற்கு மடி வேண்டும், மடியைத் தர ஒரு நாற்காலி வேண்டும். நான் கேட்டது படுத்துக்கொண்டு படிக்க, பஸ்ஸில் பிரிக்க, கிரிவலத்தில் கால் வலித்து உட்காரும் இடத்தில் நாலு பக்கம் புரட்ட.

என்னுடைய முதல் பலகை 1966-இல் வந்தது. கல் சிலேட்டு, மரச் சட்டம், ஒரு மூலையில் எப்போதும் கழன்று வரும் ஆணி. மார்க்காபூர் பக்கம் வெட்டிய கல்லாக இருந்திருக்கும்; சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திராவில் அதுதான். சார்ஜ் கேட்காது, கொளுத்தும் வெயிலிலும் எழுத்து தெரியும். கொள்ளளவு மட்டும் ஒரு பக்கம். வீட்டுக்கணக்கைப் போட்டு, சட்டையில் உரசாமல் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு கலை. எனக்கு அது வரவில்லை. வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்ததெல்லாம் பாதிக் கணக்கும் முழு அடியும்தான்.

அழிக்கக் கோவை இலை. வேலியில் படர்ந்திருப்பதைப் பறித்துக் கசக்கித் தேய்த்தால் கல் கருகருவென்று ஆகிவிடும், பலப்பத்தில் எழுதினால் வெள்ளை எடுப்பாக விழும். இலை கிடைக்காத நாளில் எச்சில். "எச்ச தொட்டு அழிச்சா சரஸ்வதி போயிடுவாடா" என்று அம்மா சொல்வாள். பரீட்சைத் தாள்கள் வந்தபோது அவள் சொன்னது சரிதான் என்று பட்டது.

அப்பா அந்தச் சிலேட்டில் எழுதிக்காட்டிய முதல் சொல் 'அண்ணாமலை'. இந்த ஊரில் வேறென்ன எழுதித் தருவார்? இப்போது நீங்கள் படிக்கிற அண்ணாமலை அல்ல அது. 'ணா'வுக்குத் தனியாகக் கால் கிடையாது. 'ண'வின் வாலே கீழே போய்ச் சுழித்துக்கொள்ளும். 'ல'வுக்கு முன்னால் சங்கிலி போல் கொம்பு கிடையாது. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி 'ல'வின் தலையில் ஒரு வளைவு. ஒரே சொல்லில் இரண்டு வில்லங்கமான எழுத்து. என் கையைப் பிடித்து அப்பா இழுத்த இழுப்பில் தும்பிக்கை சிலேட்டின் மரச் சட்டம்வரை ஏறியது.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஆணை போட்டது. சுழி போய்க் கால் வந்தது, தும்பிக்கை போய்க் கொம்பு வந்தது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அரசாணை கைக்கு வந்ததே தவிர விரலுக்கு வரவில்லை. அவசரமாக எழுதினால் இன்றைக்கும் யானை தும்பிக்கையைத் தூக்கிவிடும். வங்கிக் காசோலையிலேயே ஒருமுறை தூக்கியிருக்கிறது.

அப்பாவோடு கிரிவலம் போவேன். அன்று பௌர்ணமிக்கு இத்தனை கூட்டம் கிடையாது. 14 கிலோமீட்டரும் இருட்டும் புளியமரமும் நாங்களும். அப்பாவிடம் இருந்தவை தோளில் ஒரு துண்டு, இடுப்பில் திருநீற்றுப் பை. எமலிங்கம் தாண்டினால் துண்டும் என் தலைக்கு வந்துவிடும். சுமை குறைக்கிற விஷயத்தில் இந்த ஊர் வைத்திருக்கும் அளவே வேறு. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து வந்து இறங்கிய ஒரு பதினாறு வயதுப் பையன், கையிலிருந்த மிச்சப் பணம் மூன்றரை ரூபாயையும் பட்சணப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, வேட்டியைக் கோவணமாகக் கிழித்துக் கட்டிக்கொண்டான். பிறகு ரமணர் ஆனான். அந்தக் குளத்தோரமாகத்தான் நான் பவர் பேங்கோடு வீடு திரும்பினேன். குளத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

நடுவில் ஒரு பலகை வந்து போனதையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 5-ஆம் தேதி, டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். 7 அங்குலம், 366 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், மாணவனுக்கு 35 டாலர். உலகத்திலேயே மலிவு என்றார்கள். மறுநாள் காலைப் பத்திரிகையில் ஆகாஷ், அதே காலை டிவியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மரணம். அவர் அதற்கு ஒரு வருஷம் முன்புதான் 7 அங்குலத்தைக் கிண்டலடித்திருந்தார்: இவ்வளவு சின்னத் திரையைத் தொட, கூடவே உப்புத்தாளும் கொடுத்து விரலைத் தேய்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று. அவருடைய கம்பெனி 2012-இல் 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி கொண்டுவந்தது, 308 கிராம். முதல் ஐபேடில் பாதிகூட இல்லை. உப்புத்தாள் தரவில்லை.

அந்த வேகத்தில் நானும் ஒன்று வாங்கினேன். வேறு கம்பெனி, பெயர் எதற்கு. விரல் பட்டால் கேட்காது, நகத்தால் அழுத்த வேண்டும். மூட்டைப்பூச்சி நசுக்கின தலைமுறை என்பதால் அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது தமிழ். முதலில் வரிசையாகக் காலிக் கட்டங்கள். எதிர்வீட்டுப் பையன் ஏதோ எழுத்துரு ஏற்றித் தந்தான். அதில் 'ல' முன்னாலும் கொம்பு பின்னாலும் வந்தன, யாரோ யானையைத் திருப்பி நிறுத்தின மாதிரி. ஊர்ப் பெயரைச் சரியாக எழுதத் தெரியாத சாமானை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்ய? சீக்கிரமே அது பேரனுக்குத் தட்டாகப் போயிற்று. அதில் முறுக்கு வைத்துத் தின்றான்.

இப்போது அந்தப் பேரன் கல்லூரி. 2025 தமிழ்நாட்டு பட்ஜெட்டில் 20 லட்சம் மாணவர்களுக்கு மடிக்கணினியோ கையடக்கக் கணினியோ, அவரவர் விருப்பப்படி என்று அரசு அறிவித்த அன்று, "எதுடா நல்லது?" என்று கேட்டேன். "லேப்டாப்தான் தாத்தா. டேப் வயசானவங்களுக்கு" என்றான்.

ஆகவே நேராகக் கடைக்குப் போனேன்.

"எத்தனை கிராம்?"

கடைப் பையன் திகைத்தான். "எட்டு ஜிபி ரேம் சார்."

"சரி தம்பி. எடை?"

"எடையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார். பாக்ஸ்ல போட்டிருக்கும்." பெட்டியை நாலு பக்கமும் திருப்பினான். பிறகு போனில் தேடினான்.

பழைய கிரவுன் அளவு நாவல் ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். 12 சென்டிமீட்டர் அகலம், 18 உயரம். மூலைக்கு மூலை அளந்தால் எட்டரை அங்குலம். 8.7 அங்குலத் திரைமேல் அதை வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கைப் புத்தகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அச்சகக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. 11 அங்குலம் படுத்துப் படிக்கும்போது மூக்கில் விழும். ஐபேட் மினி இன்னும் லேசு, 293 கிராம்; விலை 49,900 என்றதும் கை தானாகப் பின்வாங்கியது. சிம் போடுகிற மாடல் வேண்டுமா என்றான். பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கான போன்கள் ஒரே மலையைச் சுற்றும்போது ஒரு 'சாப்டியா' போய்ச் சேரவே அரைமணி ஆகிறது. வேண்டாம், படிக்கிறதை வீட்டிலேயே இறக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எழுதிப் பாக்குறீங்களா சார்? கையெழுத்தையே புரிஞ்சிக்கும்."

விரலால் எழுதினேன். அண்ணாமலை. விரலுக்கு என்ன தெரியும், அப்பா இழுத்த வழியிலேயே போனது. சுழி வந்தது, தும்பிக்கை திரையின் ஓரம்வரை ஏறியது. பலகை கொஞ்சம் யோசித்துவிட்டு 'அண்ணமல' என்று போட்டது.

"அப்படி இல்ல சார். முன்னாடி கொம்பு போட்டு அப்புறம் ல போடுங்க, எடுத்துக்கும்."

சரி, அழித்துவிட்டு எழுதலாம் என்று விரலை நாக்கில் தொட்டுத் திரையில் தேய்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது, அதன்மேல் எச்சில் மட்டும் பளபளத்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தான். பிறகு மூலையிலிருந்த சின்ன அம்புக்குறியைக் காட்டினான்.

"இத்தத் தொட்டா போயிடும் சார்."

தொட்டான். போய்விட்டது.

"இதையே பில் போடுப்பா" என்றேன்.