யாழ்ப்பாணத்து வேலிப் பொட்டு: தோற்றமும் வளர்ச்சியும்

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எழுத ஆட்களுக்குக் குறைவில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இந்த மண்ணின் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றார். பின்னால் வந்தவர்கள் அதைக் கிடுகுவேலிக் கலாசாரம் ஆக்கினார்கள். புவியியலாளரான செங்கை ஆழியான் 'கிடுகு வேலி' என்று நாவலே எழுதினார். அந்த வேலியின் அடியில், ஓலை விலகிக் கிடக்கும் பொட்டை மட்டும் ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை. அதைப் பார்க்கக் குனிய வேண்டும். அறிஞர்களுக்கு அது சிரமம்.

முதலில் வரையறை. நெற்றிப் பொட்டு வேறு, இது வேறு. இரண்டு வளவுகளுக்கு நடுவிலுள்ள வேலியில், ஒருவரும் வெட்டாமல் உண்டாகி, எல்லாரும் புழங்கி, எவரும் உரிமை கோராத துவாரமே பொட்டு. படலை இதில் சேராது. படலைக்குச் சொந்தக்காரர் உண்டு, சங்கிலி உண்டு, பூட்டும் உண்டு.

பொட்டு எப்படிப் பிறக்கிறது என்பதில் இரண்டு பள்ளிகள். நாய்தான் மூலகாரணம் என்பார் நாய்வாதிகள். நாய் நுழைய முன்னரே கோழி கிளறிவிட்டது என்பார் கோழிவாதிகள். இரு தரப்பும் கறையானை மறந்துவிடுகின்றன. மாரி மழையில் நிலத்தோடு ஒட்டிய அடியோலை உக்குகிறது. மழை விட்டதும் கறையான் ஏறுகிறது. அதன்பின் கோழி தலையை விடும், நாய் உடம்பை விடும், பந்து எடுக்கப் போன பொடியன் தோளை விடுவான். கடைசியில் ஆச்சி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கையில் கறிச்சட்டியோடு குனிந்து போகும் அளவுக்கு வரும்போது பொட்டு முழு வளர்ச்சி அடைந்துவிட்டது எனலாம்.

எத்தனை ஆச்சிமார் புகுந்தாலும் கதியால் மட்டும் அசையாது. பூவரசு, முள்முருக்கு, கிளுவைத் தடிகளை மழைக்கு ஊன்றினால் வேர்விட்டு நின்றுவிடும். குழை ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்துக்குப் பசளையும் ஆகும். கிளுவைதானே என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். பாலன் இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுபோன வெள்ளைப்போளம் கசிகிற மரமும் அதே கொமிபோரா பேரினம்தான். பெத்லகேமில் சொந்தம் உள்ள மரத்தில்தான் எங்கள் ஆட்கள் கிடுகு கட்டினார்கள்.

இனிச் சட்டம். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை 1707இல் தொகுத்த தேசவழமையை, 1806இல் ஆங்கிலேயரும் சட்டமாக ஏற்றார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை வகுத்தது. வளவு சீதனமாக மகள்மாருக்குப் போனது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாலு பெண் பிள்ளைகள் உள்ள தகப்பன் தன் ஒரு ஏக்கரை நாலாய்ப் பிரித்தால் ஆளுக்கு நாலு பரப்பு, நடுவில் புது வேலிகள். கிணறோ ஒன்றுதான், உறுதியில் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இப்போது வேலியின் இரு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அக்காவும் தங்கச்சியும். அவர்களைக் கட்டிய இருவரும் சகலன்மார். பிறத்தியிலிருந்து வந்தவர்கள், வந்த மறுவருடமே எல்லைக் கதியாலை அரை அடி அரக்கிப் போடத் துணிந்தவர்கள்.

ஆகவே என் துணிபு இதுதான்: வேலி சகலன்மாருடையது, பொட்டு சகோதரிகளுடையது. வழக்கு மல்லாகம் கோட்டில் தவணைக்குத் தவணை போகும். அப்புக்காத்துமார் கறுப்புக் கோட்டோடு அரை அடியை அளப்பார்கள். அதே வேலியில், அதே காலையில், "தங்கச்சி, ரெண்டு செத்தல் மிளகாய் தாருமன்" என்று ஒரு கை நீளும். வருடாவருடம் வேலி அடைக்கும்போது வீட்டுக்காரர் பொட்டையும் சேர்த்து இறுக்கி அடைப்பார். கிழமை திரும்ப முன்னம் அது பழைய இடத்திலேயே இருக்கும். யார் திறந்தது என்று கேட்டால் எல்லாரும் நாயைப் பார்ப்பார்கள். நாய்வாதம் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதன் இரகசியம் இதுவாக இருக்கலாம்.

பொட்டுக்கு ஒழுக்கமும் உண்டு. கறி, தணல், கொத்து அரிசி, ஊர்க்கதை எல்லாம் பொட்டால் போகலாம். கலியாணத்துக்குச் சொல்ல வருபவர் படலையால்தான் வரவேண்டும். பொட்டால் வந்து கலியாணம் சொன்னால் அது சொன்னதாகாது. போகாமல் விட நல்ல சாட்டு. மாப்பிள்ளை வீட்டாரும் படலையால் வந்து மரியாதையாகத்தான் விசாரிப்பார்கள். பெண்ணைப் பற்றிய முழு விபரம் அதற்கு முதலே பொட்டு வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

1987 ஒக்ரோபரில் இந்தியப் படையின் ஊரடங்கு நாட்களில் தெருவில் தலைகாட்ட முடியாது. அப்போது மருந்தும் மாவும் செய்தியும் பொட்டுக்குப் பொட்டாக வளவு தாண்டின. சுற்றிவளைப்பு என்றால் பொடியன்கள் ஓடியதும் அந்த வழியால்தான். இந்தப் பகுதியில் மட்டும் ஆய்வாளனுக்குப் பகிடி வரவில்லை.

இப்போது கல்மதில் காலம். கனடாக் காசும் லண்டன் காசும் சீமெந்துக் கல்லாக எழும்பி நிற்கின்றன. கறையானுக்குச் சீமெந்து இறங்காது. கோழி கூட்டுக்குள் போய்விட்டது. அக்கா வைபரில் தங்கச்சியிடம் மிளகாய் கேட்கிறாள். தங்கச்சி பெருவிரலைக் காட்டும் படமொன்றை அனுப்புகிறாள். நாய்கள் கேற்றுக்குக் கீழே மண் கிண்டத் தொடங்கியிருக்கின்றன. நாய்வாதிகள் இதையே இறுதிச் சான்றாக முன்வைக்கிறார்கள். கோழிவாதிகளின் மறுப்புரைக்குக் காத்திருக்கிறோம்.