கடைசி இருபது நிமிடங்கள்

எண்பதுகளில் கண்டி போகம்பரை மைதானத்துக்கு றக்பி பார்க்கப் போன எங்களை வரவழைக்க யாரும் எந்த விதியையும் மாற்றவில்லை. 1945 முதல் கண்டி ட்ரினிட்டிக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக மோதி வருகின்றன, அது போதுமாக இருந்தது. கண்டியில் ஒரு ஆட்டம், கொழும்பில் ஒரு ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. கண்டியில் ஆட்டம் என்றால் கொழும்பிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. ட்ரினிட்டியில் படிக்காதவர்களும், றக்பிப் பந்தைக் கையால் தொட்டே பார்க்காதவர்களும் வேலியோரம் வந்து நிற்பார்கள். எங்கள் அப்பா அப்படி ஒருவர்.

அந்த ஆட்டங்கள் அழகாக இருந்தன என்று சொன்னால் அது பொய். முதல் பாதி முழுக்க, இரு அணி முன்னணி வீரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் சரியும், திரும்பக் கூடும், திரும்பச் சரியும். ஃப்ளை ஹாஃப் பந்தை வெளியே உதைப்பார், அதை உள்ளே எறியும் லைன் அவுட் நடக்கும், எதிரணி ஃப்ளை ஹாஃபும் வெளியே உதைப்பார். இடைவேளையில் 3-0 என்றிருக்கும். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுடா, பொடியங்க களைக்கட்டும்" என்பார்.

பொடியன்களும் களைப்பார்கள். காயம் பட்டால் தவிர மாற்று ஆள் உள்ளே வர முடியாத காலம் அது. அறுபது நிமிடம் தோளால் முட்டித் தள்ளிய ப்ராப் இடுப்பில் கை வைத்து நிற்பார். பந்து விழுந்த இடத்துக்கு முதல் ஆளாக வந்துகொண்டிருந்த ஃப்ளாங்கர் இப்போது மூன்றாவது ஆளாக வருவார். இரண்டு பேருக்கு நடுவே ஒரு கதவளவு இடைவெளி தெரியும். அதுவரை உதைத்தே காலம் தள்ளிய ஃப்ளை ஹாஃப் அதைப் பார்த்துவிடுவார், பந்தோடு உள்ளே பாய்வார். விங்கருக்கு அன்று முதன்முறையாகப் பந்து கிடைக்கும். மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் ட்ரைக்கு அப்போது நான்கு புள்ளி. அதை ஐந்தாக்கினால் நன்றாக இருக்குமே என்று வேலியோரத்தில் யாரும் ஏங்கி நான் கேட்டதில்லை.

1992-இல் அது ஐந்தானது. ட்ரைகள் பெருக வேண்டும், பார்வையாளர்கள் பெருக வேண்டும் என்பதுதான் எண்ணம். அன்றிலிருந்து இந்த விளையாட்டு பார்வையாளரை நினைத்தே தன்னைத் திருத்திக்கொண்டு வருகிறது. உதைப்பவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். 2024 ஜூலை முதல் ஃப்ரீ கிக் கிடைத்த அணி அதற்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்க முடியாது. சிவப்பு அட்டை வாங்கியவரின் இடத்தில் இருபது நிமிடம் கழித்து வேறொருவரை இறக்கிப் பார்த்தார்கள். எங்களுக்காக இவ்வளவு செய்த பிறகும் 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12-11 என்று வென்றபோது, பாரிஸில் விழுந்தது ஒரே ஒரு ட்ரை. அதையும் போட்டது தோற்ற அணி.

விதியே மாறக்கூடாது என்று சொல்பவன் அல்ல நான். 1963-இல் மரேஃபீல்டில் ஸ்காட்லாந்தை வேல்ஸ் 6-0 என்று வென்ற ஆட்டத்தில் 111 லைன் அவுட். எண்பது நிமிடத்தில் நூற்றுப் பதினொரு முறை பந்து வெளியே போனால் காசு கொடுத்து வந்தவர் எதைத்தான் பார்ப்பார்? அறுபதுகளின் முடிவில் விதியை மாற்றினார்கள். தன் இருபத்தைந்து யார் கோட்டுக்கு வெளியே நின்று நேரடியாக வெளியே உதைத்தால், உதைத்த இடத்துக்கு நேரே லைன் அவுட். உதைத்தும் ஓரடிகூட முன்னேற முடியாது என்றானதும் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். எழுபதுகளில் வேல்ஸ் ஆடிய ஆட்டத்தை மக்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்களே, அதில் அந்த ஒற்றை விதிக்கும் பங்கு உண்டு. 2021-இல் வந்த 50:22 விதியும் அப்படிப்பட்டதுதான். தன் பாதியிலிருந்து உதைத்த பந்து தரை தட்டி எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் வெளியே போனால் லைன் அவுட் உதைத்த அணிக்கே. அதற்குப் பயந்து தடுப்பணி பின்னால் ஆள் நிறுத்த வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் ஒரு ஆள் குறைகிறார், ஓட இடம் பிறக்கிறது. இந்த இரண்டு விதியும் தரையில் இடத்தை உண்டாக்கின. ட்ரையின் விலையை ஏற்றியதால் அப்படி ஓர் அடி இடமும் கிடைக்கவில்லை.

இடத்தைப் பறித்த மாற்றம் ஒன்று இருக்கிறது. பார்வையாளரை நினைத்து விதிகளை அலசும்போது அதை மட்டும் ஏனோ ஓரத்தில் விட்டுவிடுகிறார்கள். சர்வதேச ஆட்டங்களில் காயம் பட்டவருக்கு மாற்று ஆள் 1968-இல் வந்தது. அது நியாயம், மனிதத்தன்மை. 1996-இல் காயமே இல்லாமலும் ஆள் மாற்றலாம் என்றார்கள். இன்று வெளியே எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள், பதினைந்து பேர் அணியில் பாதிக்கு மேல். 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா அந்த எட்டில் ஏழு பேரை ஸ்க்ரம் தள்ளும் முன்னணி வீரர்களாகவே வைத்து 35-7 என்று நொறுக்கியது. பாரிஸ் இறுதி ஆட்டத்திலும் அதே ஏழும் ஒன்றும். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. விதி தந்ததை அவர்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள்.

அப்படி ஒரு ஆட்டத்தை என்னோடு டீவியில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், பெரிய உருவங்கள் வரிசையாக உள்ளே ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இத்தன பேரு மாறினா அது வேற டீமுதானே மாமா?"

வேறு டீம்தான். அப்பா காத்திருந்த அந்த நேரத்தில்தான் இப்போது கதவு சாத்தப்படுகிறது. ஐம்பதாவது நிமிடத்தில் கால் தளரத் தொடங்கியவர் போய், நூற்றிருபது கிலோ எடையில் மூச்சு வாங்காத ஒருவர் வந்து நிற்கிறார். எண்பது நிமிடம் தாங்க வேண்டிய உடம்பை அந்த எடைக்கு வளர்க்க முடியாது. முப்பது நிமிடம் தாங்கினால் போதும் என்றால் வளர்க்கலாம். மைதானத்தின் நீள அகலமோ பழையதுதான். பார்ப்பவர் ஓட்டத்தை இழக்கிறார், ஆடுபவர் அதைவிடப் பெரியதைப் பணயம் வைக்கிறார். அறுபது நிமிடம் அடி வாங்கிய உடம்பின்மீது புதிதாக வந்த பேருடம்பு மோதுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த ஆள் மாற்றத்தை விட்டுவிட்டு ஸ்க்ரமை ஒழிப்போம் என்று சிலர் கிளம்புகிறார்கள். ஒழித்துவிட்டால் கிடைப்பது றக்பி லீக்கைப் போல ஒன்று. அது தனி விளையாட்டாக ஏற்கெனவே இருக்கிறது. 1897-இல் லைன் அவுட்டை நீக்கி, 1906-இல் பதின்மூன்று பேராகக் குறைந்து, தன் வழியில் நன்றாகவே வளர்ந்தது. ஸ்க்ரம் பதினாறு பேரை ஒரு மூலையில் கட்டிப்போட்டு மிச்ச மைதானத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிறது. 2015-இல் பிரைட்டனில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் கிடைத்த பெனால்டியை உதைத்திருந்தால் சமன். ஜப்பான் கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார். அதிலிருந்து பந்து அகலமாகப் போய் இடது மூலையில் ட்ரை விழுந்தது. றக்பியே தெரியாதவர்களும் அன்று பேசிக்கொண்டது அந்த ஆட்டத்தைத்தான்.

திருத்த வேண்டியது ஆள் மாற்றும் விதியை: எட்டுப் பேர் வெளியே உட்காரட்டும், நான்கு பேர் மட்டும் விருப்பம்போல் உள்ளே வரட்டும், மற்ற நால்வர் காயத்துக்கு மட்டும் என்று விதி செய்யலாம். தலையில் அடிபட்டவரையும் ஸ்க்ரமின் முன்வரிசையில் காயம் பட்டவரையும் எப்போதும் மாற்றலாம். பொய்க்காயம் வரும் என்பார்கள். வரலாம்: 2009-இல் ஹார்லெக்வின்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் போலி ரத்தக் குப்பியைக் கடித்துக்கொண்டு வெளியே போனது உலகறிந்த செய்தி. அதனால்தான் காயத்தைத் தீர்மானிப்பவர் அணியின் மருத்துவராக இருக்கக்கூடாது. தலைக்காயத்துக்குச் சார்பற்ற மருத்துவரை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு முழங்காலுக்கும் நிறுத்தத் தெரியும். 2006-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷில் மாணவர்களிடையே புது விதிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இதையும் அங்கே ஒரு பருவம் சோதித்து, கடைசி இருபது நிமிடத்தில் எத்தனை ட்ரை, எத்தனை காயம் என்று எண்ணட்டும். அந்த இரண்டு கணக்கும் கைக்கு வந்த பிறகு ஸ்க்ரமைப் பற்றிப் பேசலாம்.