நான்கு வாரத் தன்வந்திரிக்கு ஒரு வாழ்த்து மடல்

கடல் ஏழும் கடந்து, சென்னையில் இறங்கி, குளிரூட்டிய வண்டியில் ஏறி, உத்திரமேரூர் வட்டத்தின் எளிய மண்ணில் பொன்னடி பதித்த மருத்துவ மாமணியே! பன்மொழிப் பேரறிஞரே! மருத்துவக் கல்லூரியின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் இருபது வயதிலேயே வைத்தியராகிவிட்ட ஞானச் சுடரே! புத்தம்புது ஸ்டெதாஸ்கோப்பை மணிமாலையாக அணிந்து தாங்கள் காட்சி தரும் இந்நன்னாளில், ஊர்ப் பொதுமக்களாகிய நாங்கள் இருகரம் கூப்பி இம்மடலைத் தங்கள் திருமுன் வாசித்தளிக்கிறோம்.

எங்கள் முன்னோரின் குறுகிய புத்தியை முதற்கண் மன்னித்தருள வேண்டும். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 921இல், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அவர்கள் குடவோலை விதிகளை வெட்டி வைத்தார்கள். ஏரி வாரியத்தில் ஒருவர் அமர வேண்டுமானால் வயது 35 ஆக வேண்டுமாம், 70ஐத் தாண்டக் கூடாதாம். சொந்த மனையில் வீடு வேண்டுமாம். கற்றவராக இருக்க வேண்டுமாம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாதாம். மதகைத் திறந்து மூடுவதற்கே இத்தனை கெடுபிடி! மனித உடம்பைத் தொட வந்த தங்களிடமோ நாங்கள் எதையும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் இருந்தது, புன்னகை இருந்தது, போதாதா?

இதே மாவட்டத்துத் திருமுக்கூடலிலும் அக்காலத்து மக்கள் வீண் ஆடம்பரம் செய்திருக்கிறார்கள். வீரராசேந்திர சோழர் காலக் கல்வெட்டு அங்கே 15 படுக்கைகளோடு நடந்த வீரசோழன் என்ற ஆதுலர் சாலையைச் சொல்கிறது. நோய் பார்க்க ஒரு வைத்தியர், அறுத்துச் சிகிச்சை செய்ய இன்னொருவர், மருந்து சேர்க்க ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள் என்று ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு கூலி. வேலை தெரிந்தவரை வைத்துக் கூலியும் கொடுத்தார்களே, என்ன ஊதாரித்தனம்! தாங்களோ வேலை தெரியாமலே வந்து, அதற்காகத் தன்னார்வப் பயண ஏஜென்சிக்குத் தாங்களே பணமும் கட்டியிருக்கிறீர்கள். பதினொன்றாம் நூற்றாண்டுக்கு எட்டாத சிக்கனம் இது.

ஊராட்சி அலுவலகத்தின் முன் ஷாமியானா போட்டு நடந்த முகாமில் தங்கள் கைவண்ணத்தைக் கண்டு நாங்கள் மெய்சிலிர்த்தோம். ரத்த அழுத்தப் பட்டையை ஒரு பாட்டியின் புடவைத் தலைப்போடு சேர்த்துச் சுற்றினீர்கள். ஒருமுறை ஓர் எண் வந்தது, மறுமுறை வேறோர் எண் வந்தது, மூன்றாம் முறை எண்ணே வரவில்லை. மனம் தளராமல் இரண்டில் அழகானதைத் தேர்ந்து அட்டையில் எழுதினீர்களே, அந்த ரசனையை எந்தப் பாடநூல் கற்றுத்தரும்? சர்க்கரை பார்க்க அவருடைய மூன்று விரல்களில் குத்தி, நான்காவதில் ரத்தம் கண்டீர்கள். களை பறித்துக் காய்த்துப்போன விரல்கள் தங்கள் பயிற்சிக்குத் தடையாக நின்றது எங்கள் குற்றமேயன்றித் தங்கள் குற்றமன்று.

இருபது ஆண்டுகளாக இவ்வூர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வரும் கிராம சுகாதார செவிலியரை அன்று தங்கள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் உயர்பதவியில் அமர்த்தினீர்கள். ஊசி தெரிந்த கைக்கு ஓய்வு, தெரியாத கைக்கு ஊசி! இத்தகைய சமநீதியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

தங்கள் தமிழ்ப்புலமையை என்னென்று புகழ்வோம்! "சாப்பிட்டீங்களா?" என்றீர்கள். பாட்டி பூரித்துப்போய், காலில் ஆறாத புண், ராத்திரியெல்லாம் எரிச்சல், மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார். தாங்கள் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லது" என்று அருளினீர்கள். சர்க்கரை நோயாளியின் மரத்த காலைப் பார்த்ததும் பாதத்தைத் தூக்கிச் சோதிப்பது சாதாரண டாக்டரின் வழக்கம். தாங்களோ பாட்டியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்கள். புண் படத்தில் விழவில்லை. பாட்டியின் அனுமதியைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் இல்லை.

சட்டமும் தங்கள் மகிமைக்கு முன் தலைகுனிந்து நிற்கிறது. பதிவு பெறாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். உள்ளூர் ஆள் ஊசி போட்டால் போலி டாக்டர் என்று வேனில் ஏற்றுவார்கள். தாங்கள் போட்டால் சால்வை போர்த்துவோம். சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை அயல்நாட்டுக்குப் போய்ச் செய்யாதீர் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இலேயே மாணவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தக் காகிதத்தைக் கண்ணெடுத்தும் பாராத தங்கள் துணிவுக்குத் தனி வணக்கம்.

தங்களுக்கு முன் வந்தவர்களை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தும், வேலூர்ப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க அமெரிக்கா போய் 1899இல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் திரும்பினார். பட்டம் இல்லாமலே பார்க்கலாம் என்று அவருக்குச் சொல்வார் இல்லை. சாமுவேல் கிரீனோ 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, உள்ளூர் இளைஞர்களைத் தமிழிலேயே டாக்டர்களாக்கி ஓய்ந்தார். தாங்கள் நான்கே வாரத்தில் முடிக்கும் காரியத்துக்கு ஆயுளைச் செலவிட்ட அப்பாவிகள்! அவர்கள் விட்டுச்சென்றவை மருத்துவமனையும் மாணவர்களும். தாங்கள் விட்டுச்செல்வது பத்து நாள் மாத்திரை.

பதினோராம் நாள் என்ன ஆகும் என்ற அற்பக் கவலை தங்களுக்கு வேண்டாம். அதற்கென்று 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண் ஒருவர் தோள்பையோடு வெயிலில் நடந்து வீடு வீடாக மாத்திரை கொடுப்பார். அவரைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. பாட்டி புண்ணோடு பஸ் ஏறிச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பார். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் தமிழில் நான்கு கேள்வி கேட்டு, காலைத் தூக்கிப் பார்ப்பார். விரலை இழக்காமல் பாட்டி திரும்பினால் அந்தப் புகழும் தங்கள் மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கே சேர்வதாக.

தங்களைப் போன்றோரின் பெருந்தன்மையில் எங்களை உருக வைப்பது ஒன்றுண்டு. கை பழகாத காலத்தை எங்களுக்குக் கொடுக்கிறீர்கள். படித்து, தேறி, கை பழகிய காலத்தைத் தங்கள் நாட்டாருக்கு வைத்துக்கொள்கிறீர்கள். கற்குமுன் வந்தவரில் எவரும் கற்றபின் இவ்வூர்ப் பக்கம் திரும்பி எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. இந்த நாகரிகம் தங்களிடமும் நீடிக்கும் என்று முழுமையாக நம்புகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் கைபழகக் கைகொடுத்த
ஊர்ப் பொதுமக்கள்