ஜாம் ஆன பம்ப் வாழ்க

ஐம்பது வயதைத் தாண்டிய பென்ஸ் காரின் டீசல் பம்ப் ஜாம் ஆனால், தாம்பரத்துக்காரர்கள் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். என்ன அறியாமை! கிடந்து பிசினான டீசல், சில மைக்ரான் இடைவெளியில் ஏறி இறங்கும் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் பழுது என்பதா? 2021-ல் வந்த விதிப்படி, 'விஏ' எண் பெற்ற விண்டேஜ் வண்டி கண்காட்சி, ஆய்வு, பேரணி, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்காகவே சாலையில் ஓடலாம். காய்கறி வாங்கப் போனால் குற்றம், கெட்டுப்போனால் உரிமை. பேரணி எப்போதோ வரும். ஜாம் ஆன பம்போ நிரந்தர அனுமதிச்சீட்டு.

'ஓடாத வண்டிக்கு அனுமதி எதற்கு?' என்பவர்கள் மாலையில் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்க்கட்டும். பம்ப் நன்றாயிருக்கும் கார்களும் அங்கே நிற்கத்தான் செய்கின்றன, டீசலை எரித்தபடி. நம் பென்ஸ் சொட்டுச் செலவின்றி அதே வேகத்தை எட்டுகிறது. 'டீசல் போடப் போகலாமே?' போகலாம். நிரப்பியதைத் தீர்த்தால்தானே மறுமுறை போக முடியும்? தீர்க்க எங்கே ஓட்டுவது? ஆகவே இங்கே ஒரே ஆபத்து, கைதேர்ந்த மெக்கானிக். பிளஞ்சரை விடுவித்து, பம்பை உயிர்ப்பித்துவிடுவார். அந்தக் கணமே பராமரிப்பு முடிந்துவிடும். பட்டறையிலிருந்து வீடு திரும்பும் பயணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வழியில் பம்ப் மறுபடி ஜாம் ஆனால்தான் சட்டப்படி வீடு போய்ச் சேரலாம்.