பெயர் வெட்டிய பேஸ் கிட்டார்: ஓர் ஆராய்ச்சி

நம் நாட்டில் வாத்தியங்களைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. விபுலானந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947-இல் யாழுக்கென்றே ஒரு பெருநூல் தந்தார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் லக்ஷணம் வகுத்தோர் பலர். ஆயினும், வாசிப்பதற்காக அன்றி வாங்கி வைப்பதற்காகவே செய்யப்படும் வாத்தியம் ஒன்று உண்டென்பதும், அதற்கும் சரித்திரமும் சம்பிரதாயமும் உண்டென்பதும் புலவர் பெருமக்களின் கவனத்துக்கு வாராமற் போயின. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு, விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் சற்றே நின்று செல்லும் வளவனூரில் வசிக்கும் என் தலையில் விழுந்தது எவ்வாறு என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

முதற்கண் லக்ஷணம். பேஸ் கிட்டார் என்பது, லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் கலிபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பின்படி, நான்கு தடித்த கம்பிகளும், இருபது மெட்டுகளும், கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமும் உடைய மின்வாத்தியம். கோஷ்டியில் அது ஒலிக்கும்போது ஒருவரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும், பாட்டில் ஏதோ குறைகிறதே என்று எல்லோரும் தேடுவர். ஆதலின் சாம்பாரில் பெருங்காயம் எவ்வாறோ, சங்கீதத்தில் இது அவ்வாறு. இத்தகைய வாத்தியத்தில் புகழ்பெற்ற வித்துவான் ஒருவரின் கையொப்பத்தைப் பொறித்து, இத்தனை உருப்படிக்கு மேல் செய்வதில்லை என்று கம்பெனியார் சத்தியம் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அத்தாட்சிப் பத்திரமும் சேர்த்துக் கொடுப்பார்களாயின், அதுவே 'லிமிடெட் எடிஷன் சிக்னேச்சர் பேஸ்' எனப்படும்.

இது மேல்நாட்டுப் பித்து என்று கூறுவாரும் உளர். அவர்கள் நம் ஜில்லாவின் சரித்திரத்தை அறியாதவர்கள். செஞ்சிப் பக்கத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன், செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று சேராத பொருள்களின் ஜாபிதாவைக் கல்லிலேயே வெட்டுவித்து, விசித்திரசித்தன் என்ற தன் விருதுப் பெயரையும் அதனோடு பொறித்தான். பொருட்பட்டியல், கையொப்பம், மறுபடி செய்யப்படாத ஒரே உருப்படி என்னும் மூன்று அங்கங்களும் ஒருங்கே அமைந்திருத்தலின், சிக்னேச்சர் மாடலின் ஆதிபீடம் விழுப்புரம் ஜில்லாவே என்று கொள்வதற்கு யாதொரு தடையும் இல்லை.

மற்றோர் ஆதாரமும் உண்டு. இன்றைய திண்டிவனத்தில் அடங்கிய கிடங்கில் என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்ட ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம், சீறியாழ் ஏந்திய பாணனை ஆற்றுப்படுத்துவதே சிறுபாணாற்றுப்படை. பரிசில் கொடுத்த தலைவனின் பெயர் இன்றுவரை நிலைத்திருக்க, யாழ் வாசித்த பாணனின் பெயரை நாம் அறியோம். இக்காலத்திலோ இம்முறை தலைகீழாகி, வாசித்தவனின் பெயர் மரத்தில் ஏறிவிட, பொருள் கொடுத்தவனின் பெயர் ரசீதோடு நின்றுவிடுகிறது. இந்த மாறுதலின் காரணத்தைக் காண்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

பெயருக்குரிய வித்துவான்கள் எவ்வகை வாத்தியத்தால் பெயர் பெற்றனர் என்று வினவின், விடை விநோதமாயிருக்கிறது. டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற பாட்டுகளுக்கு ஒற்றை விரலால் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1971 வரையில் அக்கம்பெனியின் இசைத்தட்டு உறையில் தம் பெயரைக் கண்டவர் அல்லர். அறுந்தாலன்றிக் கம்பியை மாற்றாத அவருடைய 1962-ஆம் வருஷத்துப் பிரசிஷன் பேஸ், 1983-இல் அவர் காலமாவதற்குச் சற்று முன்பு களவுபோயிற்று. கனடாவின் கெடி லீ, அமெரிக்காவின் கலமஸூ நகரத்து அடகுக்கடை ஒன்றில் வாங்கிய பழைய ஜாஸ் பேஸை வாசித்தார். அதன் சாயலில் செய்யப்பட்ட பேஸில் அவர் பெயர் ஏறியது 1998-இல். ஜாகோ பாஸ்டோரியஸ் தம்முடைய பேஸின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, அவை இருந்த பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் பசையால் மெழுகி வாசித்தார். அதுவும் 1986-இல் நியூயார்க்கில் பறிபோக, மறுவருஷம் முப்பத்தைந்தாம் வயதில் அவரும் மறைந்தார். ஆக, இம்மூவரும் பெயரில்லாத வாத்தியத்தை வாசித்துப் பெயரெடுத்தவர்கள். சேகரிப்போரோ, பெயருள்ள வாத்தியத்தை வாங்கி, வாசியாமல் வைத்திருப்பவர்கள்.

வாசியாத வாத்தியம் தேய்வதில்லை. தேயாத வாத்தியத்துக்கோ பெருமை போதாது. இச்சங்கடத்தைப் போக்கவே, ஃபெண்டர் கம்பெனியார் 1995 முதல் 'ரெலிக்' என்ற பெயரில், புத்தம்புதிய கிட்டாரின் வர்ணத்தைச் சுரண்டி, திருகாணிக்குத் துருவேற்றி, பழையதாக்கி விற்கலாயினர். வானூர்ப் பக்கத்துத் திருவக்கரையில், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் கிடந்து கல்லாகிப்போன மரங்களைச் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-இல் கண்டெழுதினார். அம்மரங்களுக்கு இருந்த பொறுமை கம்பெனியாருக்கு இல்லை என்பதன்றி, இரண்டுக்கும் தத்துவத்தில் பேதமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஈட்டி மரம், கிட்டாரின் விரற்பலகைக்கென்று பெயரற்றுக் கப்பலேறி, அந்நிய வித்துவானின் பெயரோடு திரும்பிவருவதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும்.

நிற்க. இப்பொறுப்பு என் தலையில் விழுந்தது, எங்கள் தெருவில் இத்தகைய பேஸ்கள் நான்கை ஒரு மாடியறையில் வைத்திருக்கும் அன்பர் ஒருவரால். நேரில் பரிசோதிக்கும் பொருட்டு அங்கே சென்றேன். ஜன்னல்கள் அடைத்திருந்தன, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் பெட்டிக்குள் கிடந்தன, பஞ்சுக் கையுறை அணிந்துகொண்டே அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இளையராஜாவின் பாட்டுகளுக்கு வாசித்த சசிதரனின் பெயரோ, ரஹ்மானின் பாட்டுகளுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரோ வெட்டிய உருப்படி அவற்றுள் ஒன்றும் இல்லை. வாசித்துக் காட்டலாகாதா என்று கேட்டேன். வாசித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்றார்.

அப்போது காப்பியுடன் மேலே வந்த அவருடைய தாயார், திறந்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஜாகோன்றவரு யாரு? நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தாரா?"

இல்லையென்றேன்.

"பின்ன எதுக்கு அவரு பேர வெட்டி வெச்சிருக்குது?"

மகன் தாமே விலைகொடுத்து வாங்கியதை நான் விளக்கியதும், அந்த அம்மாள் சற்று நேரம் யோசித்தார். "காசு இவன் குடுத்தான். பேரு மட்டும் அவருதா?" என்றார்.

நல்லியக்கோடன் காலந்தொட்டு நான் அடுக்கிவந்த ஆதாரங்கள் யாவும் அவ்வொரு வினாவில் அடங்கிவிட்டன. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் எந்திரத்தின் முன் காத்து நின்று, கொடுப்பவரின் பெயரையும் தேதியையும் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகப் பொறித்து மொய்யோடு கொடுக்கும் நம் வழக்கத்தில், பெயர் என்பது கொடுத்தவரின் உரிமை. அதில் அந்த அம்மாளுக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. அவ்வீட்டுப் பரணில் அவ்வாறு பெயர் வெட்டிய பாத்திரங்கள் ஒரு கல்யாணப் பந்திக்குப் போதுமான அளவுக்கு இருந்ததையும், அவை மகனுடைய பேஸ்களைப் போலவே உபயோகத்துக்கு வாராமல், துணி சுற்றிப் பத்திரமாகக் கிடந்ததையும் பிற்பாடு அறிந்தேன். சேகரிப்பு என்னும் குணம் அக்குடும்பத்தில் தாய்வழி வந்தது என்பது என் துணிபு.

எனக்குக் காப்பி வந்த டம்ளரில், நாத்தனார் ஒருவரின் பெயரும் 1978 என்ற வருஷமும் வெட்டியிருந்தன. ஆராய்ச்சிக்கு வந்தவர் என்பதனால் அன்றைக்குத்தான் அதைப் பரணிலிருந்து இறக்கினாராம். குடித்து முடித்து அதன் விளிம்பைச் சுண்டிப் பார்த்தேன், நல்ல நாதம். பெட்டியில் இருந்த நான்கில் எதையும் சுண்டிப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.