ஹில்சாவா, இறாலா?

கேள்வி: என் கணவர் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கால்பந்து பார்க்கிறார். இது பக்தியா, பைத்தியமா?

பதில்: கொல்கத்தாவில் வாழ்க்கைப்படாமல் தப்பித்தீர்கள், அம்மணி! அங்கே ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப் ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் ஹில்சா மீன். எதிரி கிளப் மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் ரசிகர் வீட்டில் இறால். யார் வீட்டில் என்ன குழம்பு என்று கோல்கீப்பர்தான் முடிவு செய்கிறார். எல்லாம் 1911-ல் ஏறிய பித்தம். மோகன் பகான்காரர்கள் வெறுங்காலோடு ஆடி (ஒருவர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார், சொகுசுக்காரர்!) ஈஸ்ட் யார்க்‌ஷர் ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களை 2-1 என்று மண்ணைக் கவ்வ வைத்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கிவந்தார்கள். அந்தப் பித்தம் நூறு வருஷம் தாண்டியும் இறங்கவில்லை. உங்களவர் தூக்கத்தில் தலையணைக்குப் பெனால்டி அடிக்க ஆரம்பித்தால் மறுபடி எழுதுங்கள்.